ஹெட்மாஸ்டரின் ரோஜாவும் அக்காவின் தேயிலைப் பூவும்

இரண்டு வருடங்களுக்கு முன், மே மாதத்தின் கடைசி நாள். போர்ட் பிளேரில் மழை பிடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் அன்று மதியம் ஒரு பிரிவு உபசார விழா. அதில் நான் அசடு வழிந்த கதையைத்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதை யாரிடம் சொன்னாலும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் போகிறது.

தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்களின் டிக்கெட், பயணிகள் பட்டியல் இவற்றைப் பார்க்கும் குமாஸ்தா நான். அப்பா காலத்தில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது புதிதாகப் படித்துவிட்டால் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் சோறு இறங்காது. அப்படி ஒரு நாள் செல்போனில் படித்ததுதான் இந்தப் பிறந்த மாதப் பூ சமாச்சாரம். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பூ, ஒவ்வொரு பூவுக்கும் ஒரு அர்த்தம். ஜனவரியில் பிறந்தவர்களுக்குக் கார்னேஷன், ஜூனுக்கு ரோஜா, அக்டோபருக்குச் செண்டுமல்லி, நவம்பருக்குச் சாமந்தி என்று பட்டியலே இருந்தது. நம் ராசிபலன் மாதிரி இது வெள்ளைக்காரன் பார்க்கும் பலன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்போது அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு குறை இருந்தது. யாராவது ஓய்வு பெற்றாலோ மாற்றலாகிப் போனாலோ பூங்கொத்து கொடுப்பது வழக்கம். இங்கே கடையில் கிடைக்கும் ரோஜாவும் சாமந்தியும் மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வருபவை. வந்து இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். வாங்கியவர் அதைப் பிடித்துக்கொண்டு படகு ஏறினால், இறங்குவதற்குள் இதழெல்லாம் பழுப்பாகிவிடும். வாடாத பூவாகவே கொடுத்தால் என்ன என்று நான்தான் கிளப்பினேன். ஜங்லிகாட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மனைவி ரவிக்கைகளுக்கு எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கிறாள். அவரவர் பிறந்த மாதப் பூவை அவள் கையால் வெள்ளைத் துணியில் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, கீழே பூவின் அர்த்தத்தையும் எழுதிக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

யோசனை பிய்த்துக்கொண்டு போனது. அக்டோபரில் பிறந்த பெங்காலி கணக்காளர், தன் செண்டுமல்லியைக் கையில் வாங்கியதும் பழக்க தோஷத்தில் கண்ணாடியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தே பார்த்துவிட்டார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. மேடையில் கைதட்டெல்லாம் எனக்குத்தான் கிடைக்கும். பூவைப் போட்டவள் வீட்டில் இருப்பாள். நான் போனதும், "என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்பாள். "பிரமாதம்னாங்க" என்று சொல்லிவிட்டு நான் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பூவைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்காமல் ஊசியைத் தொட மாட்டாள். ரோஜா என்றால் பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து ஒன்று வந்துவிடும். இந்தத் தீவில் பூக்கவே பூக்காத பூவென்றால் வேறு வழியில்லாமல் செல்போன் படத்தைப் பார்த்துப் போடுவாள். போடும் நேரமெல்லாம் முணுமுணுப்பாள். "படத்தைப் பார்த்துப் போட்டா பூவுக்கு முதுகே இருக்காதுங்க" என்பாள். முதுகு யாருக்கு வேண்டும், முகம்தானே வேண்டும் என்று நான் கிண்டல் செய்வேன்.

இனி அந்த விழாவுக்கு வருகிறேன். ஓய்வு பெற்றவர் எங்கள் அலுவலகத்தில் டீ போட்டு, ஃபைல் எடுத்துக் கொடுத்து, மேசை துடைத்து, சகலமும் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணி. எல்லாருக்கும் அவர் 'அக்கா'. பெங்காலிகளும் ராஞ்சிக்காரர்களும்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அது உறவுமுறை என்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் கப்பலேறி, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர். அங்கிருந்து போர்ட் பிளேருக்கு வந்து, முப்பத்திரண்டு வருடம் எங்களுக்கு டீ போட்டார். யாருக்குச் சர்க்கரை அரை ஸ்பூன், யாருக்கு இஞ்சி தட்டிப் போட வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். கணவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. ஒரே மகள் கார் நிக்கோபார் அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஓய்வு பெற்ற மறுநாளே கப்பலேறி மகளோடு போய் இருந்துவிடுவது என்று ஏற்பாடு. கார் நிக்கோபார் நினைத்தால் போய் வருகிற இடமில்லை. மறுபடி எப்போது பார்ப்போமோ தெரியாது.

அக்கா மே மாதம் ஓய்வு பெறுவதால் மே மாதப் பூவைத்தானே போட வேண்டும் என்று புதிதாக வந்த அதிகாரி ஒருவர் கேட்டார். நான் விடுவேனா? ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்பது சர்க்கார் விதி. ஆகவே அக்காவின் பிறந்தநாள் ஜூன் ஒன்று, ஆகவே பூ ரோஜா என்று பதிவேட்டைத் திறந்து காட்டி விளக்கினேன். அவர் அசந்து போனார். மெத்தப் படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்று சொல்வார்கள். விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் அதுவும் என்னைப் போலத்தான் மீசையை முறுக்கியிருக்கும்.

விழா நன்றாகவே நடந்தது. சமோசா, லட்டு எல்லாம் உண்டு. நான் என் ஹிந்தியில் ரோஜாவின் அர்த்தத்தைப் பத்து நிமிடம் விளக்கினேன். அன்பு, கருணை, கொடுத்துக்கொண்டே இருக்கும் மனசு என்று அடுக்கினேன். அக்கா சட்டத்தை வாங்கி, புடவைத் தலைப்பால் கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டு, எல்லாருக்கும் கும்பிடு போட்டார். பேசச் சொன்னபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

எல்லாரும் கலைந்த பிறகு பார்த்தால், அக்கா பின்கட்டுக் குழாயடியில் தம்ளர் கழுவிக்கொண்டிருக்கிறார். தன் பிரிவு உபசாரத்துக்கு நாங்கள் குடித்த டீ தம்ளர்களை! எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் அங்கே போனது அதற்காக இல்லை. பாராட்டு வாங்கத்தான் போனேன்.

"அக்கா, இன்னிக்குமா கழுவுறீங்க? வைங்க அப்படியே. பூ புடிச்சிருக்கா?"

"ரொம்ப நல்லாருக்கு சார். உங்க வீட்டம்மா கை தங்கக் கை" என்றவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சிரித்தார். "ஆனா எங்கம்மா இதப் பாத்திருந்தா சிரிச்சிருக்கும். இது ஹெட்மாஸ்டர் பூ சார்."

எனக்குப் புரியவில்லை. கச்சாலில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் யாருக்கும் பிறந்த தேதி தெரியாதாம். பெற்றவர்களுக்கும் தெரியாது. ஹெட்மாஸ்டர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, உயரத்தைப் பார்த்து வருடத்தைப் போட்டு, தேதி மட்டும் எல்லாருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார். "எங்க செட்ல பதினேழு பேர் சார். பதினேழு பேருக்கும் ஏக் ஹி பர்த்டே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அலுவலகத்தில் ஜூன் ஒன்றாம் தேதி எப்போதும் பெரிய கேக்காக வெட்டுவோம். அன்று பிறந்தவர்கள் அத்தனை பேர்! எல்லாம் ஜூன் ராசி என்று நானே வியந்திருக்கிறேன். இதற்கு முன் மூன்று பேருக்கு ரோஜா கொடுத்து அர்த்தமும் சொல்லியிருக்கிறேன். அதில் எத்தனை ரோஜா ஹெட்மாஸ்டர்கள் நட்டதோ!

"அப்போ நெஜமா எந்த மாசம்க்கா பொறந்தீங்க?"

"மாசம் தெரியாது சார். பூ தெரியும்."

கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அவர் பிறந்த சமயம் தோட்டத்தில் ஒரு பக்கத்து மலையைக் கவாத்து வெட்டாமல், கொழுந்தும் பறிக்காமல் பல மாதம் அப்படியே விட்டிருந்தார்களாம். வாரா வாரம் கொழுந்து கிள்ளும் செடி பூக்காது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு எதிரே, கிள்ளாமல் விட்ட அந்த மலை முழுக்கத் தேயிலை பூத்துக் கிடந்ததாம். "லயத்து வாசல்ல இருந்து பாத்தா வெள்ளை வெள்ளையா இருந்துச்சு, அப்பத்தான் நீ பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும். வேற எதுவும் அதுக்குத் தெரியாது" என்றார்.

அந்த அம்மா கச்சாலிலேயே இருந்தவர். சுனாமியில் போய்விட்டார். வீடும் பெட்டியும் அதோடு போயிற்று. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. அம்மாவிடமிருந்து தனக்கு மிச்சம் இந்தத் தேயிலைப் பூப் பேச்சு மட்டும்தான் என்று அக்கா எந்த அழுகையும் இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த தம்ளரை எடுத்தார்.

முப்பத்திரண்டு வருடம் அவர் போட்ட தேயிலையைக் குடித்தவன் நான். அதற்கு ஒரு பூ உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று பார்த்தால், பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "பதிவேட்டைப் பார்த்தீங்களே, அவங்க மூஞ்சியப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டீங்களா? இத்தனை பேருக்குப் போட்டுக் குடுத்தேன், யார்கிட்டயாவது கேட்டீங்களா?" என்றாள். உடனே குடையை எடுத்து மாட்டிக்கொண்டு, "வண்டியை எடுங்க" என்றாள்.

செல்போனில் படம் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். முறைத்தாள். "அது யாரோ எடுத்த போட்டோ. எனக்கு அவங்க பூ வேணும்."

மழையில் ஸ்கூட்டரில் அக்காவின் குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி இருக்கும். அக்கா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி, உடனே டீ போட எழுந்தார். என் மனைவி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, என்னை டீ போடச் சொன்னாள். அந்த வீட்டு அடுப்பில் நான் போட்ட டீயை அக்கா மரியாதைக்குக் குடித்து முடித்தார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். என் மனைவி போலீஸ்காரர் மாதிரி கேள்வி கேட்கிறாள். பூ எவ்வளவு பெரிசு? எத்தனை இதழ்? காம்பு நீளமா, குட்டையா? இலை ஓரம் எப்படி இருக்கும்? அக்கா முதலில், "ஏழெட்டு வயசுல பாத்தது, மறந்திருச்சு" என்றார். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. பூ ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு. அவித்த முட்டையைப் பாதியாக வெட்டியது போல வெளியே வெள்ளை, நடுவில் மஞ்சள். இலை ஓரம் சின்ன ரம்பம். மொட்டு பட்டாணி போல உருண்டை.

"மேல பார்த்து இருக்குமா, பக்கவாட்டுல பார்த்து இருக்குமா?" என்று கேட்டாள் மனைவி.

அக்கா உடனே தன் கையைக் கவிழ்த்துக் காட்டினார். "கீழ பாத்துத் தொங்கும். பெரியவங்க மேலருந்து பாத்தா முதுகுதான் தெரியும். எங்கள மாதிரி சின்னப் பிள்ளைங்க செடிக்கு அடியில நொழஞ்சு பாத்தாத்தான் மூஞ்சி தெரியும்."

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். முதுகு யாருக்கு வேண்டும் என்று நான் செய்த கிண்டலெல்லாம் அந்த ஒரு பார்வையில் எனக்குத் திரும்பி வந்தது.

"இதுக்கு அர்த்தம் என்னக்கா?" என்று கேட்டாள் கடைசியாக. "மத்த பூவுக்கெல்லாம் இவர் எழுதிக் குடுத்துட்டாரு. இதுக்கு நீங்கதான் சொல்லணும்."

அக்கா யோசித்தார். "தோட்டத்துல தேயிலை பூத்துச்சுன்னா நல்லது இல்லம்மா. கொழுந்து எடுக்கலை, வேலை இல்லைன்னு அர்த்தம். வேலை இல்லைன்னா சோறு இல்லை. ஆனா எங்கம்மா மட்டும் வேற சொல்லும். யாரும் கிள்ளாம விட்டாத்தான் அது தனக்குன்னு பூக்கும்னு சொல்லும்."

மறுநாள் விடிவதற்கு முன்பே அவள் துணியை எம்பிராய்டரி வளையத்தில் மாட்டிவிட்டாள். கப்பல் மாலை ஐந்து மணிக்கு. மூன்று மணிக்குள் தையல் முடிந்துவிட்டால் கண்ணாடிக் கடையில் கெஞ்சிச் சட்டமும் போட்டுவிடலாம் என்று கணக்கு. காலைச் சமையல் என் பொறுப்பு. உப்பில்லாத உப்புமா கிண்டினேன். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் அதையும் சாப்பிட்டாள்.

ஒன்பதரை மணிக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கடல் மோசமாகப் போகிறது, அதற்கு முன் கிளம்ப வேண்டும் என்று கப்பலைப் பதினோரு மணிக்கே மாற்றிவிட்டார்கள். பத்து மணிக்குள் பயணிகள் வந்துவிட வேண்டும். 'வானிலையைப் பொறுத்தது' என்று டிக்கெட்டில் நானே முத்திரை குத்திக் கொடுக்கிறவன். அது என் தலையிலேயே வந்து விடியும் என்று நினைக்கவில்லை.

துணியைப் பார்த்தேன். இலைகள் முடிந்திருந்தன. ஒரு பூ முதுகைக் காட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பூ, கீழேயிருந்து பார்க்கும் சின்னப் பிள்ளைக்குத் தெரிவது போல லேசாக முகம் காட்டியது. அதன் நடுவில் மஞ்சள் இல்லை. மொட்டும் இல்லை. பரவாயில்லை, முடித்துத் தபாலில் அனுப்பிவிடலாம் என்றேன்.

"நேத்து அவங்களுக்குத் தப்பான பூவைக் குடுத்து அனுப்பினோம். இன்னிக்கு வெறுங்கையோட அனுப்பணுமா? கெளம்புங்க, அங்க வச்சு முடிக்கிறேன்" என்றாள். வளையம், மஞ்சள் நூல்கண்டு, கத்தரிக்கோல் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போயிற்று. ஜங்லிகாட்டின் சந்தை நெரிசலில் மழையோடு மழையாக நான் ஓட்டிய வேகத்துக்கு அன்று போலீஸ் பிடித்திருந்தால் கேள்வியே கேட்காமல் உள்ளே தள்ளியிருப்பார்கள்.

பயணிகள் கூடத்தில் நல்ல கூட்டம். அக்கா தன் மூட்டைகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி நேராகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வளையத்தை எடுத்தாள். அக்கா அதைப் பார்த்தார். விரலால் அந்தக் கவிழ்ந்த பூவின் முதுகைத் தொட்டார். பிறகு குனிந்து, தலையைச் சாய்த்து, வளையத்துக்குக் கீழேயிருந்து பார்ப்பது போலப் பார்த்தார். அறுபது வயதுப் பெண்மணி, அத்தனை பேருக்கு நடுவில், செடிக்கு அடியில் நுழைந்த பிள்ளை மாதிரி!

என் மனைவி முடிச்சுத் தையலில் மஞ்சளைப் போட ஆரம்பித்தாள். அக்கா வளையத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். "இன்னும் நெறைய வேணும்மா, கொத்தா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மொட்டு போட்டபோது, "இல்ல, இன்னும் உருண்டை" என்று பிரிக்க வைத்தார். அவசரத்திலும் என் மனைவி பிரித்துவிட்டு மறுபடி போட்டாள். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பெங்காலி அம்மா தன் பெண்ணுக்குத் தையலைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பும் நிக்கோபாரிப் பெண்கள் இரண்டு பேர், இது என்ன பூ என்று ஹிந்தியில் கேட்டார்கள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "சாய் கா ஃபூல். மேரா ஃபூல்" என்றார். டீயின் பூ, என் பூ என்று. நான் கேட்டிருக்கிறேன் அவர் குரலை, முப்பத்திரண்டு வருடம். அந்தக் குரல் எனக்குப் புதுசு.

அந்த நேரம் பார்த்து, பயணிகளின் அடையாள அட்டையைச் சரிபார்த்துக்கொண்டு வந்த ஊழியர் அக்காவின் அட்டையைப் பார்த்துவிட்டு, "அரே அக்கா! ஆஜ் தோ ஆப்கா பர்த்டே ஹே!" என்று கத்தினார். ஆமாம், அன்று ஜூன் ஒன்று. நாங்கள் அவசரத்தில் மறந்தே போயிருந்தோம். கூடமே கைதட்டி வாழ்த்தியது. யாரோ ஒரு சாக்லேட்டை நீட்டினார்கள். அக்கா எனக்கு மட்டும் தெரியும்படி ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, எல்லாருக்கும் கும்பிடு போட்டார்.

மணி பத்தே முக்கால். கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கத்தரித்து, சட்டமில்லாமல் வளையத்தோடேயே அவர் கையில் கொடுத்தாள் என் மனைவி. அர்த்தம் எழுத நேரமில்லை. தெரிந்தவரிடமே கொடுப்பதால் எழுதவும் தேவையில்லை. நான் என் தப்பைச் சரிசெய்கிற அவசரத்தில், மூட்டையின் மேலே செருகியிருந்த ரோஜாச் சட்டத்தைக் காட்டி, "அதைக் குடுத்துடுங்கக்கா, நான் எடுத்துட்டுப் போயிடறேன்" என்றேன்.

அக்கா சட்டென்று அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அதக் குடுக்க மாட்டேன் சார். ஹெட்மாஸ்டர் அந்த நாளை எழுதலைன்னா எனக்கு ஸ்கூல் இல்லை. சர்ட்டிபிகேட் இல்லை. வேலை இல்லை, என் மகள் நர்ஸ் ஆயிருக்க மாட்டா, பென்சனும் கெடையாது. நாள் பொய்யா இருந்தாலும் அது போட்ட சோறு பொய் இல்ல சார். ரெண்டும் என் பூதான்."

நான் காட்டிய கையை இழுத்துக்கொண்டேன். இரண்டு நாளில் இரண்டாவது முறையாக அக்கா என்னைத் திருத்திவிட்டார். இந்த முறை சங்கடமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது.

மூட்டைகளைக் கப்பல் ஊழியர் தூக்கிக்கொண்டார். ரோஜாவையும் தேயிலைப் பூவையும் மட்டும் யாரிடமும் கொடுக்காமல், கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு அக்கா படியேறினார். மேல்தளத்தில் நின்று இரண்டையும் உயர்த்திக் காட்டினார். மழைச்சாரலில் எது ரோஜா எது தேயிலை என்று கீழேயிருந்து தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்தேன். தலையெல்லாம் ஈரம், விரல் நுனியில் ஊசி குத்திய தழும்பு, கண்ணில் தூக்கமில்லை. எங்கள் அலுவலகத்துக்காரர் ஒருவர் வந்து, "பாய்சாப், உங்க ஐடியா சூப்பர்" என்று என் முதுகில் தட்டினார். வாழ்க்கையில் முதல் முறையாக நான் அந்தப் பாராட்டை வாங்கி என் பையில் போட்டுக்கொள்ளவில்லை. "ஐடியா எல்லாம் சும்மா. போட்டது இவங்க" என்று கையைக் காட்டினேன். அவள் வெட்கப்பட்டு, "போதும், வண்டியை எடுங்க, பசிக்குது" என்றாள்.

ஒரு வாரம் கழித்து கார் நிக்கோபாரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மகள் வீட்டுக் கூடத்தில் சட்டத்தில் ரோஜா, பக்கத்தில் ஆணியில் மாட்டிய வளையத்தில் தேயிலைப் பூ. கூடவே அக்காவின் குரல்: "சார், ஜூன் ஒண்ணுக்கு நீங்க வழக்கம்போல விஷ் பண்ணுங்க. தேயிலை எந்த மாசம் பூக்குதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. அதனால வருஷம் பூரா எனக்கு பர்த்டேதான்."

இப்போதும் எங்கள் அலுவலகத்தில் வாடாத பூதான் கொடுக்கிறோம். பட்டியலைத் தூக்கி எறிந்துவிடவில்லை, அது பாட்டுக்கு இருக்கிறது. ஆனால் பதிவேட்டைத் திறப்பதற்கு முன், சம்பந்தப்பட்டவரிடம் போய், நீங்கள் பிறந்தபோது உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறோம். கேட்பது நான் இல்லை, என் மனைவி. விழாவுக்கும் அவளே வந்து, தன் கையாலேயே கொடுக்கிறாள். கைதட்டு வரும்போது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடப் பலமாகத் தட்டுகிறேன்.

அக்கா போன பிறகு அலுவலகத்தில் பொத்தானை அமுக்கினால் டீ ஊற்றும் மெஷின் வைத்திருக்கிறார்கள். அந்தத் தம்ளரைக் கையில் எடுக்கும்போதெல்லாம், முப்பத்திரண்டு வருடம் ஒரு வார்த்தை கேட்காமல் குடித்தோமே என்ற வெட்கமும், ஒரே வார்த்தை கேட்டு ஒருவரின் அம்மாவையே பூவாகத் திருப்பிக் கொடுத்த ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறேன் என்ற பெருமையும் எனக்கு ஒன்றாகத்தான் தொண்டையில் இறங்குகின்றன.